கரி கிரில் அளவுக்கு மீறிச் சூடானால் எது கெடும், ஏன் கெடும்

கேள்வி இது: தகட்டில் செய்த கரி கிரில் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வெளிப்புறப் பெயிண்ட் ஒரு பக்கம் மட்டும் வெளுத்து உரிந்துவிட்டது. கரி நிற்கும் அடிக்கம்பித் தட்டு நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுப்புக்குக் கீழே இருந்த தரை ஓட்டில் விரிசல். பொருளே மட்டமா, பயன்படுத்தும் முறையில் தவறா? தொடர்ந்து பயன்படுத்தலாமா?

மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தணலுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போயிருக்கிறது, காற்றும் தேவைக்கு மேல் நுழைந்திருக்கிறது. மெல்லிய தகடு இந்தத் தவறைச் சில மாதங்களில் காட்டிவிடும், கனத்த தகடு சில வருடங்கள் பொறுத்துக் காட்டும். அதனால் பொருளை மாற்றுவதற்கு முன் தீயை நடத்தும் விதத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அடுப்புக்கும் இதே கதிதான்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்குவோம். நன்றாகக் கனன்ற கரியின் மேற்பரப்பு, யாரும் ஊதாமலே 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். விசிறினாலோ ஊதுகருவி வைத்தாலோ 1000 டிகிரிக்கு மேல் போகும். 1 கிலோ நல்ல கரியில் ஏறத்தாழ 30 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்கிறது. அது ஒரு மணி நேரத்தில் எரிந்து முடிந்தால் சராசரியாக 8 கிலோவாட். வீட்டுச் சமையல் அடுப்பின் பெரிய பர்னர்கள் இரண்டு மூன்றைச் சேர்த்து முழுதாகத் திறந்தாற்போல. அதே 1 கிலோ மூன்று மணி நேரம் நின்று எரிந்தால் வெப்பம் வெளிவரும் வேகம் மூன்றில் ஒரு பங்குதான். இந்த வேகத்தைத் தீர்மானிப்பது காற்று. 1 கிலோ கரி முழுதாக எரிய சுமார் 9 முதல் 10 கன மீட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்று நுழையும் வழி அடியில் இருக்கும் துளைகள்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மூடி போட்டுச் சமைக்கும் அடுப்பில் காற்றுத் துளைதான் கடிவாளம். மூடி இல்லாத திறந்த அடுப்பில் காற்றை யாராலும் தடுக்க முடியாது, அங்கே கரியின் அளவும் அதைப் பரப்பும் விதமும் மட்டுமே கையில் இருக்கின்றன. மூடியுள்ள அடுப்பை வாங்கி மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு, மூடிய அடுப்புக்குச் சொன்ன அளவு கரியைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அடிக்கம்பி தொய்வது அப்படித்தான் தொடங்குகிறது.

அளவு சொல்ல வேண்டுமென்றால், 57 செ.மீ. விட்டமுள்ள, மூடி போட்ட வட்ட அடுப்பில் கடும் சூட்டுக்கு 80 முதல் 100 அச்சுக்கரித் துண்டுகள் (கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்தவை) போதும். நடுத்தரச் சூட்டுக்கு 50 முதல் 60, மெதுவாக வேகவைக்க 25 முதல் 30. மரத்துண்டாகவே இருக்கும் இயற்கைக் கரி எடை குறைவு, இடைவெளி அதிகம், காற்று எளிதாகப் புகும். அதனால் அது வேகமாகவும் சூடாகவும் எரியும், பொறியும் பறக்கும். அதை எண்ணிப் போட முடியாது. தட்டில் ஒரு அடுக்கு, மிஞ்சினால் ஒன்றரை அடுக்கு என்று கண்ணால் அளந்து போடுங்கள். அடுப்பு சிறியதென்றால் பரப்பளவுக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். விட்டம் பாதியானால் கரி பாதியல்ல, நான்கில் ஒரு பங்கு.

இனி பெயிண்ட். ஒரு பக்கம் மட்டும் உரிந்திருக்கிறது என்ற செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. கரியை அந்தப் பக்கச் சுவரோடு ஒட்டிக் குவித்திருப்பீர்கள், அல்லது எதிர்ப்பக்கத்திலிருந்து வீசிய காற்று தணலின் வெப்பத்தை அந்தப் பக்கமாகத் தள்ளியிருக்கும். அடுப்புக்கென்று வரும் சிலிக்கோன் வகைப் பெயிண்ட் வழக்கமாக 550 முதல் 650 டிகிரி வரை தாங்கும். தணல் தகட்டைத் தொட்டால் அந்த இடம் இந்த எல்லையைக் கடந்துவிடும். தொடாமல் 5 செ.மீ. தள்ளியிருந்தால் கடப்பது அரிது. இருட்டில் பார்க்கும்போது தகட்டில் மங்கிய சிவப்பு தெரிந்தால் அது 525 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பகலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படவே 600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே பகலில் தகடு சிவந்து தெரிந்தால் பெயிண்ட் ஏற்கெனவே போய்விட்டது, தகடும் கெடத் தொடங்கிவிட்டது.

பெயிண்ட் வெளியே உரிவதால் சாப்பாட்டுக்கு ஆபத்தில்லை, துரு பிடிக்கும் என்பதுதான் கவலை. மறுபடி பூசுவதானால் அந்த இடத்தை உப்புத்தாளால் வெற்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, உயர்வெப்பப் பெயிண்ட்டை மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக அடிக்க வேண்டும். தடிமனாக ஒரே பூச்சு அடித்தால் முதல் சூட்டிலேயே கொப்புளிக்கும். இந்த வகைப் பெயிண்ட் காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில் படிப்படியாக இறுக வேண்டும். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்பது டப்பாவிலேயே இருக்கும், அதை அப்படியே பின்பற்றுங்கள். உட்புறத்திலும் சமையல் கம்பிகளிலும் எந்தப் பெயிண்ட்டும் பூசக் கூடாது.

இதோடு ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மூடியின் உட்புறத்திலிருந்து கருப்புச் செதில்கள் உதிர்வதைப் பார்த்துப் பெயிண்ட் உரிகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலான அடுப்புகளில் அது பெயிண்ட் அல்ல. கொழுப்பும் புகையும் படிந்து கரியாகிய படலம். ஆறிய பிறகு தட்டையான சுரண்டியால் அல்லது கசக்கிய அலுமினியத் தாளால் தேய்த்தால் வந்துவிடும். சாப்பாட்டில் விழாமல் அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

எனாமல் பூசிய அடுப்பின் கதை வேறு. எனாமல் என்பது 800 டிகிரிச் சுற்றில் எஃகின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. சாதாரணச் சமையல் சூடு அதை ஒன்றும் செய்யாது. அதைக் கெடுப்பது திடீர்க் குளிர்ச்சி. கொதிக்கும் மூடியில் தண்ணீர் தெளிப்பது, சூடாக இருக்கும்போது மழையில் நனைய விடுவது, மூடியைத் தரையில் இடிப்பது போன்றவைதான் காரணங்கள். மேலே கண்ணாடி சட்டென்று சுருங்கும், அடியில் எஃகு சூடாகவே இருக்கும், பூச்சு சில்லாகத் தெறிக்கும். தெறித்த இடத்தில் துரு உள்ளே பரவும். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் துளையைச் சுற்றி எனாமல் நொறுங்கும். தெறித்த சில்லுகள் கண்ணாடியேதான். சமையல் கம்பியில் எனாமல் பெயர ஆரம்பித்தால் அதை ஒட்டுப்போட முயலாமல் மாற்றிவிடுங்கள்.

வார்ப்பிரும்புக்கும் இதே விதி. வார்ப்பிரும்பு வெப்பத்தைத் தாங்கும், ஆனால் வளைந்துகொடுக்கத் தெரியாது. சூடான வார்ப்பிரும்புத் தட்டின் மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் டப்பென்று பிளந்துவிடும். சுத்தம் செய்வதற்காகத் தண்ணீர் ஊற்றி ஆவி பறக்க விடும் பழக்கம் தகட்டு அடுப்பில் தப்பித்துக்கொள்ளும், வார்ப்பிரும்பில் ஒரு நாள் தப்பாது.

அடிக்கம்பித் தட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுப்பில் அதிகம் அடிபடும் உறுப்பு அதுதான். சாதாரண எஃகு 550 முதல் 600 டிகிரியில் தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். மேலே கரியின் எடை, கீழே 4 அல்லது 5 மி.மீ. கம்பி. தொய்வதில் வியப்பில்லை. அப்படியானால் எல்லா அடுப்பிலும் தொய்யவில்லையே என்று கேட்கலாம். கம்பியைக் காப்பாற்றுவது கீழிருந்து வரும் புதுக் காற்று. அது தணலுக்குப் போகும் வழியில் கம்பியைக் குளிர்வித்துக்கொண்டே போகிறது. சாம்பல் குவிந்து கம்பியைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால் அந்தக் குளிர்ச்சி நின்றுவிடும். மேலும் கீழும் சூடு பொத்திக்கொள்ள, கம்பி தணலின் சூட்டுக்கே ஏறிவிடும். நிலக்கரிக் கொதிகலன்களிலும் அடிக்கம்பிகள் உருகித் தொய்வதற்கு இதுவே பழைய காரணம். ஆகவே ஒவ்வொரு முறை மூட்டுவதற்கு முன்பும் சாம்பலை எடுத்துவிடுங்கள், நீண்ட சமையலில் நடுவிலும் ஒரு முறை. கம்பிக்கும் சாம்பலுக்கும் நடுவே குறைந்தது மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும்.

இரண்டாவது காரணம் விரிவடைய இடமில்லாமை. 40 செ.மீ. நீளமுள்ள எஃகுக் கம்பி 600 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். துருப்பிடிக்காத எஃகு இன்னும் கூடுதலாக, 4 மி.மீ.க்கு மேல். இரு முனையையும் சட்டத்தில் வெல்டிங் செய்து இறுக்கியிருந்தால் அது நீள வழியில்லாமல் வில்லாக வளையும், ஆறிய பிறகும் முழுதாக நிமிராது. புதுத் தட்டு செய்யக் கொடுத்தால் 8 மி.மீ. கம்பி, குறுக்கே ஒரு தாங்கு கம்பி, சுற்றிலும் சில மில்லிமீட்டர் விடுதலை என்று சொல்லுங்கள். தட்டு அடுப்புக்குள் தாங்கிகளின் மேல் சும்மா உட்கார வேண்டும், போல்ட் போட்டு இறுக்க வேண்டாம். இப்போது தொய்ந்திருக்கும் தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் அடுத்த சில சமையல்களில் ஓரளவு நேராகும். பல பேர் இப்படியே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். கம்பியிலிருந்து சாம்பல் நிறச் செதில்கள் உரிந்து, கம்பி மெலிந்து தெரிந்தால் மட்டும் அதற்கு ஆயுள் முடிந்தது.

மாற்றுக் கம்பியாக நாகம், அதாவது துத்தநாகம், பூசிய வலையையோ அதே பூச்சுள்ள ஜி.ஐ. தகட்டையோ ஒருபோதும் போடாதீர்கள். கையில் இருக்கிறது, பளபளப்பாக இருக்கிறது, மலிவு என்று போட்டுவிடுகிறார்கள். நாகப் பூச்சு தொடர்ந்து 200 டிகிரிக்கு மேல் இருந்தாலே கெடத் தொடங்கும், 419 டிகிரியில் நாகம் உருகும், அதற்கு மேல் வெண்புகையாகக் கிளம்பும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை என்று வரும். உலோகப் புகைக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர். வெல்டிங் வேலை செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் இது. நட்டு, போல்ட், கொக்கி, சங்கிலி எல்லாவற்றிலும் இந்தப் பூச்சு இருக்கலாம். தணல் பக்கம் போகும் எதுவும் பூச்சில்லாத எஃகாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். அலுமினியமும் அப்படித்தான், 660 டிகிரியில் உருகிவிடும். சாம்பல் எடுக்க வசதியென்று கரிக்கு அடியில் அலுமினியத் தாள் விரிப்பவர்கள் காற்றுத் துளையையும் அடைக்கிறார்கள், தாளும் ஓட்டையாகி உருண்டைகளாகத் துளையில் ஒட்டிக்கொள்கிறது. துருப்பிடிக்காத எஃகு 300 டிகிரிச் சுற்றில் வைக்கோல் நிறமாகவும், மேலும் சூடாகும்போது ஊதாவும் நீலமுமாகவும் மாறும். அது அழகைத்தான் கெடுக்கும், உறுதியை அல்ல.

களிமண் பீங்கான் அடுப்புகள், அதாவது முட்டை வடிவில் கனமாக வருபவை, வேறு வகையில் ஏமாற்றும். சுவர் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும், தேவைக்கு மேல் ஏறிவிட்டால் இறக்க அரை மணிக்கு மேல் ஆகும். எனவே வேண்டிய சூட்டை எட்டும்வரை காத்திருந்து துளையை மூடக் கூடாது. இன்னும் 30 டிகிரி பாக்கியிருக்கும்போதே மூட ஆரம்பிக்க வேண்டும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் பட்டை அளவுக்கு மீறிய சூட்டில் கருகி உரிந்து, காற்றுக் கசிவை உண்டாக்கும், அதன் பிறகு சூட்டை அடக்குவதே பெரும் பாடு. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. துளைகளைக் குறுக்கி வைத்திருக்கும்போது உள்ளே எரியாத வாயு தேங்கும். மூடியைச் சட்டென்று திறந்தால் காற்று பாய்ந்து முகத்தை நோக்கித் தீப்பந்தமாகச் சீறும். முதலில் 3 முதல் 5 செ.மீ. மட்டும் திறந்து, சில வினாடிகள் விட்டு, அதன் பிறகே முழுதாகத் திறங்கள். முகமும் கையும் பக்கவாட்டில் இருக்கட்டும். துளைகளைக் குறுக்கி வைத்த எந்த மூடிய அடுப்புக்கும் இந்தப் பழக்கம் நல்லது.

சூடு கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் அடித்துளையைக் கால் பங்குக்குக் குறைத்து, மேல்துளையைப் பாதி திறந்தே வைத்து, மூடியை மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். என்ன ஆயிற்று என்று திறந்து திறந்து பார்ப்பதுதான் சூட்டை ஏற்றும். திறக்கும் ஒவ்வொரு முறையும் தணலுக்குப் புதுக் காற்று கிடைக்கிறது. துளையைக் குறைத்தும் சூடு இறங்கவில்லை என்றால் மூடியின் விளிம்பிலோ, கால் பொருத்திய துளையிலோ, சாம்பல் தட்டின் இடுக்கிலோ காற்று கசிகிறது. இரவில் மூடி போட்டபடி சுற்றிப் பார்த்தால் வெளிச்சக் கீற்று தெரியும் இடம்தான் கசிவு. அடுப்புக்கான கண்ணாடியிழைக் கயிறோ நாடாவோ ஒட்டி அடைக்கலாம். காற்றடிக்கும் நாளில் அடித்துளை காற்றை நோக்கி இருந்தால் அது துருத்தி வைத்ததற்குச் சமம், அடுப்பைத் திருப்பி வையுங்கள்.

ஹேர் டிரையர், இலை ஊதி போன்றவற்றால் கரி மூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஊதும் இடத்தில் மட்டும் தணல் 1000 டிகிரியைத் தாண்டும், அங்கிருக்கும் கம்பி உருக்குலையும், பொறி எங்கே விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. அவசரமென்றால் உருளை வடிவப் பற்றவைப்பான் வாங்குங்கள். அதில் கரியை நிரப்பிக் கீழே காகிதத்தைக் கொளுத்தினால் 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியும் சாம்பல் பூத்துவிடும். அந்த உருளையை அடுப்பின் கம்பித் தட்டிலேயே நிறுத்துங்கள். ஓடு பதித்த தரையிலோ கான்கிரீட்டிலோ வைக்க வேண்டாம். திரவம் ஊற்றிப் பற்றவைப்பதென்றால் குளிர்ந்த கரியில், கொளுத்துவதற்கு முன் ஒரே முறைதான். கனல் இருக்கும் கரியில், அது அணைந்ததுபோலத் தோன்றினாலும், மறுபடி ஊற்றினால் ஆவி தீப்பிடித்து ஜ்வாலை டப்பாவரை ஓடிவரும். பெட்ரோலும் ஸ்பிரிட்டும் எந்த நிலையிலும் கூடாது.

சூட்டை அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு. மூடியில் பதித்த வட்ட அளவி மூடிக்கடியில் இருக்கும் காற்றைக் காட்டுகிறது. சமையல் கம்பியின் சூடு அதிலிருந்து பல பத்து டிகிரி விலகியிருக்கலாம், தணலுக்கு நேர்மேலே இன்னும் அதிகம். முள் எல்லையைத் தாண்டிச் சுற்றிய அளவியை அதன் பிறகு நம்ப வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் அதன் தண்டை விட்டுப் பாருங்கள், கடல்மட்டத்துக்கு அருகில் 100 டிகிரி காட்ட வேண்டும். தொலைவிலிருந்து குறிவைக்கும் அகச்சிவப்பு அளவி பளபளப்பான எஃகில் உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான பரப்பு வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளிவிடுகிறது. கருத்த பகுதியைக் குறிவைத்தால் சரியாக வரும். கருவி எதுவும் இல்லையென்றால் உள்ளங்கையைக் கம்பிக்கு 12 செ.மீ. மேலே நீட்டுங்கள். 2 அல்லது 3 வினாடியில் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் கடும் சூடு, 4 முதல் 6 வினாடி என்றால் நடுத்தரம், 8 முதல் 10 என்றால் இளஞ்சூடு. ஒரு வினாடிகூட முடியவில்லையென்றால் சமைக்கவும் வேண்டாம், கரியைப் பரப்பிவிடுங்கள்.

கொழுப்புத் தீ தனி அத்தியாயம். அடுப்பு இதுவரை சந்தித்த மிக மோசமான சூடு பெரும்பாலும் சமையலில் வந்திருக்காது, அடியிலும் மூடியிலும் சேர்ந்த பழைய கொழுப்பு பற்றிக்கொண்டபோதுதான் வந்திருக்கும். கைப்பிடி கருகுவது, அளவியின் கண்ணாடி வெடிப்பது, பெயிண்ட் முழுதாகக் கழன்றுபோவது எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் நடக்கும். பற்றிக்கொண்டால் மூடியைப் போட்டு, மேலும் கீழும் எல்லாத் துளையையும் அடைத்துவிட்டு விலகி நில்லுங்கள். குறைந்தது கால் மணி நேரம் திறக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் கொழுப்புக்குள் இறங்கிய தண்ணீர் நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1700 மடங்கு விரியும், கொழுப்பையும் தூக்கிக்கொண்டு தீயாகச் சிதறும். மூடியில்லாத அடுப்பென்றால் உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும், சிறு தீக்குச் சமையல் சோடா போதும். அணையாமல் பரவினால் தீயணைப்புத் துறையை அழைப்பதில் தயங்காதீர்கள்.

இதை ஒட்டி, கரியை முழுதாகக் கொட்டி, துளைகளை எல்லாம் திறந்து, அழுக்கை எரித்துவிடும் சுத்தம் செய்யும் முறையை விட்டுவிடுங்கள். அடுப்புக்கு இதைவிடக் கேடான பழக்கம் வேறில்லை. சமையல் முடிந்ததும் மிச்சமிருக்கும் தணலில் ஐந்து பத்து நிமிடம் கம்பியைக் காயவிட்டுத் தேய்த்தால் கம்பி சுத்தமாகிவிடும். அடித்தொட்டியின் கொழுப்பை ஆறிய பிறகு சுரண்டி எடுக்க வேண்டும். எரிப்பதற்கு அது குப்பையல்ல, எரிபொருள்.

தரை ஓட்டில் விரிசல் விட்டதற்கு வருகிறேன். குட்டைக் கால் அடுப்பின் அடிப்பாகம் மணிக்கணக்கில் கீழே வெப்பக் கதிரை வீசும். ஓட்டின் மேற்பரப்பு விரியும், அடியில் சிமெண்டோடு ஒட்டிய பகுதி விரியாது. இந்த இழுபறியில் விரிசல். அடியில் ஈரம் தேங்கியிருந்தால் அது ஆவியாகித் தூக்கிவிடும், கான்கிரீட்டில் சில்லு பெயர்வதும் இதனால்தான். ஒரு பாயோ ஒற்றைத் தகடோ விரித்தால் பொறியைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது, தகடு தானும் சூடாகி ஓட்டுக்குக் கடத்திவிடும். வேண்டியது காற்று இடைவெளி. நான்கு மூலையில் 2 முதல் 3 செ.மீ. செங்கல் துண்டுகளை வைத்து அதன் மேல் சிமெண்ட் பலகையோ எஃகுத் தகடோ போட்டு, அதன் மேல் அடுப்பு. நடுவில் காற்று ஓடி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். சாம்பல் தட்டு இல்லாத அடுப்பென்றால் இது கட்டாயம். பலகைத் தளமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மரம் பழுப்பேறியிருந்தால் அது ஏற்கெனவே கருக ஆரம்பித்துவிட்டது, திரும்பத் திரும்பச் சூடுபட்ட மரம் புது மரத்தைவிடக் குறைந்த சூட்டில் பற்றிக்கொள்ளக் கூடும். அந்த இடத்தில் இனி அடுப்பு வைக்காதீர்கள்.

பக்கவாட்டில் சுவர், வேலி, கூரை விளிம்பு, மரக்கிளை எதுவாக இருந்தாலும் 3 மீட்டர் தள்ளியிருப்பது நல்ல அளவு. பி.வி.சி. குழாயும் பலகையும் 75 டிகிரிச் சுற்றிலேயே இளகிவிடும், தீப்பிடிக்காமலே நெளிந்துபோகும். எரிவாயு சிலிண்டர் அந்த வட்டத்துக்குள் இருக்கவே கூடாது. மூடிய அறை, கூடாரம், கார் ஷெட், பால்கனி எதற்குள்ளும் கரி அடுப்பு கூடாது, கதவு ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. கனலும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. புகை வராமல் அமைதியாகக் கனலும் தணல்தான் இதில் அதிகம் ஏமாற்றுகிறது. குளிருக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று அணையும் அடுப்பை உள்ளே தூக்கி வந்தவர்கள் தூக்கத்திலேயே இறந்திருக்கிறார்கள்.

முடிக்கும்போது எல்லாத் துளையையும் மூடி, மூடியைப் போட்டுவிடுங்கள். தணல் காற்றில்லாமல் அணையச் சில மணி நேரம் ஆகும், சாம்பலுக்குள் புதைந்த கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். சாம்பலை 48 மணி நேரம் கழித்து அள்ளுங்கள். அதற்கு முன்பே அள்ள வேண்டியிருந்தால் மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கிளறி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி, அட்டைப்பெட்டி, காய்ந்த இலைக் குவியல் வேண்டாம். சூடான அடுப்புக்குள்ளேயே தண்ணீர் ஊற்றி அணைப்பதில் இரண்டு கேடு: கொதிக்கும் ஆவியும் சாம்பலும் முகத்துக்கு வரும், தகடும் எனாமலும் அடிவாங்கும். ஈரமான சாம்பல் காரத்தன்மை கொண்டது, தகட்டின் அடியில் அப்பிக்கொண்டு அரித்துவிடும். தொட்டி ஓட்டையாவதற்குச் சூட்டுக்கு நிகராக இதுவும் காரணம்.

தோலுக்கு எவ்வளவு சூடு ஆபத்து என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பூச்சில்லாத உலோகம் 70 டிகிரியில் இருந்தால் ஒரு வினாடி தொட்டாலே புண்ணாகும். தணல் அணைந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மூடி இதைவிடச் சூடாகவே இருக்கும். உலர்ந்த தோல் கையுறை போடுங்கள். நனைந்த கையுறையில் சூடு உடனே ஊடுருவி ஆவியாகிக் கையை அவித்துவிடும். பட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், மோதிரம் வளையலை வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மாவு, வெண்ணெய் எதுவும் கூடாது. சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் தளர்வாக மூடி, முகம், கை, மூட்டு, உள்ளங்கையைவிடப் பெரிய புண், குழந்தைக்கு ஏற்பட்ட எந்தக் கொப்புளம் என்றாலும் மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதற்கு அது முழுதாக ஆறியபின் ஒரு சோதனை. சாம்பலை எடுத்துவிட்டு, திருப்புளியின் முனையால் தொட்டியின் அடியையும் பெயிண்ட் போன பக்கத்தையும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் உலோகம் இருக்கிறது. மந்தமாகக் கேட்டு, அழுத்தினால் பள்ளம் விழுந்தால் அந்த இடம் மெலிந்துவிட்டது. துளை விழுந்தால் அந்த அடுப்பை மூட்டாதீர்கள், கங்கு வெளியே விழும், துளையை அடைத்தும் காற்றைக் கட்டுப்படுத்த முடியாது. கால்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சூடாகி ஆறிச் சூடாகி ஆறி அவை தளர்ந்திருக்கும், சில வேளை கழுத்தில் அரைவாசி அரித்திருக்கும். எரியும் அடுப்பு சாய்வது ஒரு காலில்தான் தொடங்குகிறது. கால்கள் உறுதியாக இருந்து, தகடும் கணீரென்று கேட்டால், அடிக்கம்பித் தட்டை மாற்றி, கரியை நடுவில் 5 செ.மீ. ஓரம் விட்டுப் போட்டு, அடியில் காற்று இடைவெளியோடு பலகை வைத்து இன்னும் வெகுகாலம் ஓட்டலாம். விரிசல் விட்ட தரை ஓட்டை மாற்றுவதைப் பலகை வைத்து இரண்டு மூன்று சமையல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஓட்டில் புது விரிசல் வரவில்லை என்று பார்த்துவிட்டு மாற்றினால் ஒரு முறையோடு வேலை முடியும்.